சாரம் பிரிக்கும் நாள்

— செருப்ப இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமே விட்டுடணும். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, மூக்கு மறையற மாதிரி முகமூடி. உள்ள போய்த் தும்மக்கூடாது. இதெல்லாம் சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு தங்கச்சி, நான் சொல்ல வேண்டியதில்ல. எழுதி ஒட்டாத ஒண்ணு இருக்கு, அதத்தான் சொல்ல வந்தேன். லேபுக்குள்ள ஒரு மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் எதப்போல இருக்குன்னு இங்க யாரும் சொல்றதில்ல. யாரும் கேக்கறதும் இல்ல. அவ்ளோதான் மேட்டர்.

— என்ன நட்டு சார், பேய்க்கதை சொல்ற மாதிரி ஆரம்பிக்கறீங்க. யாரு போட்ட சட்டம் இது?

— யாரும் போடல. தானா வந்து உக்காந்துக்கிச்சு. புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு ஒருத்தி, மேல யாரு இப்படி உலாத்தறாங்கன்னு வெள்ளந்தியாக் கேட்டுட்டா. மேல என்ன இருக்கு, தண்ணித் தொட்டிதான் இருக்கு. அத்தனை பேரும் தலையக் குனிஞ்சு அவங்கவங்க வேலையப் பாத்தாங்க. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் கேக்கல.

— சரி, நானும் கேக்கல. என் எலும்பப் பாக்க வந்தேன், பாத்துட்டுப் போயிடறேன்.

— குறிப்பா நீ கேக்கக்கூடாது.

— ஏன், எனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

— கால் கூண்டு கதவுல இடிக்காம வா. மேடம், தங்கச்சி வந்தாச்சு.

— வா வா வாலு. மெதுவா. அந்த ஸ்டூல்ல உக்காரு, கூண்ட இந்தப் பக்கமா நீட்டிக்கோ. நட்டு, அவ ஊன்றுகோல வெளியவே வெச்சுடுங்க, தெருப் புழுதி ஒட்டியிருக்கும்.

— வெச்சாச்சு மேடம். ஆஸ்பத்திரியிலேருந்து ஆபரேஷன் டாக்டர் மறுபடி போன் பண்ணினார்.

— அப்புறம் பேசறேன்னு சொல்லிடுங்க.

— அதத்தான் மேடம் தினமும் சொல்றேன். கீழ இருக்கேன், கூப்பிடுங்க.

— அண்ணி, இந்தத் தொப்பியில நீங்க அசல் முட்டைக்கோஸ்.

— நீ மட்டும் அழகு ராணியா? கண்ணாடியில போய்ப் பாரு. வலி எப்படி இருக்கு?

— எந்த வலி? காலு பழகிடுச்சு. ஊன்றுகோல் வெச்சு வெச்சு அக்குள்தான் உரிஞ்சு போச்சு. முழங்காலுக்குக் கீழ வளையமும் கம்பியுமா ஒரு கட்டடமே எழுப்பியிருக்காங்க, போர்வை மாட்டிக்கிட்டா எடுக்க ஒரு ஆள் வேணும். நேத்து அம்மாவோட புடவை சிக்கி, ரெண்டு பேரும் நடுக்கூடத்துல அப்படியே நின்னோம். சிரிப்பு வந்துடுச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் அம்மா சிரிச்சாங்க, அண்ணி. அப்புறம் சட்டுனு நிறுத்திட்டாங்க.

— ம். அதாவது, அந்தக் கூண்டும் ஒரு சாரம்தான். வெளியில கட்டின சாரம். உள்ள ஒரு விரல் நீளத்துக்கு எலும்பே இல்ல. கூண்டக் கழட்டினா கால் அந்த இடத்துல மடிஞ்சுடும். அங்க வைக்கறதுக்குத்தான் இங்க ஒரு துண்டு வளர்க்கறோம்.

— எங்க, காட்டுங்க. இந்தக் கண்ணாடிக் குழாய்லயா? இதுவா? அண்ணி, தண்ணியில ஊறின ரஸ்க் மாதிரி இருக்கு!

— அப்படித்தான் இருக்கணும். துளைத் துளையா. எலும்புல இருக்கற உப்பையே எடுத்து அடுக்கடுக்கா வார்த்தது. கட்டடம் எழும்பறவரைக்கும் மூங்கில்ல சாரம் கட்டுவாங்களே, அதே வேலைதான் இதுக்கும். ஆனா வெறும் சாரத்துல உன் செல்ல விட்டப்ப ஒண்ணுமே நடக்கல. உன் இடுப்பு எலும்புல ஊசி போட்டு எடுத்தாங்களே, அந்த செல். ஒவ்வொண்ணும் தனித்தனியா உருண்டு, எதையும் தொடாம, கொஞ்ச நாள்ல செத்து மிதந்துச்சு.

— கோவிச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருக்கும். என்னோடதாச்சே.

— கோபமில்ல, பிடிமானம் இல்ல. அதுக்கப்புறம் சாரத்துக்குக் கொலாஜன் பூசினேன். கொலாஜன்னா ஒரு நார்னு வெச்சுக்கோ. தோல்லேருந்து எலும்பு வரைக்கும் நம்ம உடம்பச் சேர்த்துக் கட்டியிருக்கற நார். அது மேல பட்டதும் இதே செல் கை நீட்டுச்சு. தட்டையாப் படர்ந்து, நாரப் பிடிச்சு, இழுத்துப் பாத்துது.

— எதுக்கு இழுக்கணும்?

— நிக்கற இடம் எவ்வளவு உறுதின்னு தெரிஞ்சுக்க. இழுத்த இழுப்புக்கெல்லாம் நார் தொய்ஞ்சு கொடுத்தா அந்த செல் கொழுப்பா மாறினாலும் மாறும். விறைப்பா எதிர்த்து நின்னா, எலும்பாகற பக்கம் திரும்பும். என்ன ஆகணும்னு அது முடிவு பண்றதில்ல வாலு. எது மேல நிக்குதோ அதக் கேட்டுத்தான் ஆகுது.

— என் செல்லு கொழுப்பாகாமத் தப்பிச்சுதுன்னு அம்மாகிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க. அப்புறம்? இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கு உள்ள?

— நான் பூசின நாரக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுத் தின்னுட்டு, தானே புது நார் நூத்துப் போடுது. அந்த நார் மேல உப்பு படிஞ்சா எலும்பு. இதுல ஒண்ணு இருக்கு. சுவரக் கட்டிக்கிட்டே போற செல்லுல சிலது, அந்தச் சுவருக்குள்ளயே மாட்டிக்கும். வெளிய வர முடியாது.

— ஐயோ. செத்துடுமா?

— சாகாது. உள்ளயே இருக்கும். மெல்லிசா ஒரு இழைய நீட்டிப் பக்கத்துல இருக்கறதத் தொட்டுக்கிட்டே இருக்கும். வெளியில எவ்வளவு பாரம் விழுதுன்னு எலும்புக்குச் சொல்றதே அதுதான்.

— பாவம் அண்ணி அது.

— பாவமா? அதுக்கு அது வாழ்க்கை.

— அண்ணி.

— ம்.

— ஒண்ணுமில்ல. சத்தம். கேக்கக்கூடாதுன்னு நட்டு சார் சொன்னார்.

— செல்லப் பத்திக் கேளு, சொல்றேன். எலும்புக்குப் பாரம் வேணும். படுத்தே கிடக்கறவங்க எலும்பு தேஞ்சு போகுதில்லையா? அதனால மெஷினோட இந்தத் தண்டு சாரத்த மேலேருந்து அழுத்தும். அப்புறம் விடும். மறுபடி அழுத்தும். நடந்தா எப்படி இருக்குமோ, அந்த மாதிரி.

— நடந்தா எப்படி இருக்குமோ, அந்த மாதிரி.

— ம்.

— கடிகாரம் மாதிரி சமமா விழலையே. ஒண்ணு ஊணி விழுது. அடுத்தது கொஞ்சம் தாமதமா, லேசா, இழுத்தாப்போல...

— வாலு.

— ஊணி... இழுத்து. ஊணி... இழுத்து. அண்ணி, நான் படிக்காம டிவி பாத்துக்கிட்டிருக்கும்போது படியில இந்தச் சத்தம் கேட்டா உடனே அணைச்சுட்டுப் புத்தகத்த எடுத்து வெச்சுப்பேன். ஒரு தடவை தலைகீழா வெச்சிருந்தேன்.

— வேண்டாம். இங்க வேண்டாம்.

— இது...

— சொல்லாத. அழறதா இருந்தாலும் இங்க அழாத, முகமூடி நனையக்கூடாது. எழுந்திரு. என் தோளப் பிடிச்சுக்கோ, வெளிய போயிடலாம்.

— நின்னுடுச்சு! அண்ணி, நின்னுடுச்சு! ஏன் நின்னுது?

— நிக்கும். பதறாத. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பக் கெளம்பும். இதோ... பாத்தியா. கெளம்பிடுச்சு. வா.

— மெதுவா அண்ணி, கூண்டு இடிக்குது.

— சரி, காரிடாருக்கு வந்தாச்சு. கதவு சாத்தியாச்சு. இந்தா உன் ஊன்றுகோல். இப்பச் சொல்லு, என்ன சொல்லணுமோ.

— அது அண்ணன்.

— ஆமா.

— அண்ணனோட நடை. செத்துப்போனவன ஒரு கண்ணாடிக் குழாய்ல நடக்க விட்டிருக்கீங்க.

— நான் விடல. அவரேதான் நடந்தார். அந்த வண்டி, அந்த லாரி, எல்லாத்துக்கும் ரொம்ப முன்னாடி. மெஷின் செஞ்ச புதுசுல அதுக்கு நிஜ மனுஷ நடை ஒண்ணு தேவைப்பட்டுது. செருப்புக்குள்ள ஒரு அட்டை வெச்சுக்கிட்டு நடந்தா, எந்தக் காலு எவ்வளவு அழுத்துதுன்னு பதிவாகும். ஒவ்வொருத்தரா நடந்து பாத்தோம். எங்க லேப் டைரக்டர் பூனை மாதிரி, எடையே விழல. நட்டுவுக்கு எப்பவும் அவசரம், பதிவப் பாத்தா ஓடறாரா உதைக்கறாரான்னு தெரியல. அப்பத்தான் உங்க அண்ணன், என் நடையப் போடுங்க, நொண்டி நடைக்கு எலும்பு வளருதான்னு பாத்துடுவோம்னார்.

— அவன் பேசற மாதிரியே இருக்கு.

— சாரம் வார்க்கறது அவர் வேலைங்கறதால இங்க எல்லாரும் அவர மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்க. மேஸ்திரி நடந்தா அதுதான் நடைன்னு நட்டு கைதட்டினார். வார்க்கற ரூம் அந்தக் கோடி. சுடற உலை இந்தக் கோடி. ஒரு நாள் முழுக்க அட்டையப் போட்டுக்கிட்டு, வழக்கமா நடக்கற மாதிரி இந்தக் காரிடார்ல போயிட்டு வந்துக்கிட்டிருந்தார்.

— நடுவுல நிக்குதே, அது?

— அது இங்க. இந்தக் கதவு. இது என் ரூம்.

— இந்தப் பால் கண்ணாடிக் கதவா?

— ஒவ்வொரு தடவையும் இங்க வந்து நிப்பார். தட்ட மாட்டார், கூப்பிட மாட்டார். கண்ணாடியில நிழல் மட்டும் விழும். நான் நிமிராம வேலையப் பாத்துக்கிட்டிருப்பேன், ஆனா எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். நிழல் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடும். வீட்டுக்குப் போய் அதப் பத்தி ரெண்டு பேருமே பேசினதில்ல. கல்யாணமாகி எத்தனையோ வருஷத்துக்கப்புறமும் எங்களுக்குள்ள அப்படி ஒரு விளையாட்டு.

— எங்ககிட்ட மூச்சு விடலையே ரெண்டு பேரும்.

— இதச் சொல்வாங்களா யாராவது? அப்புறம் பதிவ எடுத்துப் பாத்தேன். நிக்கற நேரத்துல இடது கால்ல எடையே இல்ல. துளிக்கூட. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சினிமாக் கதாநாயகன் மாதிரி நிலைக்கதவுல ஒய்யாரமா சாஞ்சு, ஒரு கால மடக்கிக்கிட்டு நின்னிருக்கார் மனுஷன்.

— ம்.

— என்ன ம்? செல்லுக்கும் அந்த நிக்கற நேரம் நல்லதுதான், தெரியுமா. ஓயாம அழுத்திக்கிட்டே இருந்தா அதுக்கு மரத்துப் போயிடும், கண்டுக்கறதில்ல. இடையில கொஞ்சம் விட்டு மறுபடி அழுத்தினா முதல் தடவை மாதிரி உணரும். சமமா அழுத்தி வளர்த்த துண்டும் இருந்துச்சு. அத விட இதுல நார் நெருக்கமா, பாரம் விழற போக்குலயே அடுக்கியிருக்கு. உன் கால்ல வரப்போற சாரம் அவர் கடைசியா வார்த்து அலமாரியில வெச்சிருந்தது. பூச்சு நான் பூசினது. நடை அவரோடது. குடியிருக்கறது நீ.

— மூணு பேரும் ஒரே வீட்ல.

— அப்படித்தான்.

— அண்ணி, நம்ம வீட்லயும் இதே சட்டம்தான். அம்மா அவன் பேர எடுக்கறதில்ல. நானும் இல்ல. நேத்து சிரிச்சு நிறுத்தினாங்களே, அவன் இருந்தா என்ன கேலி பண்ணியிருப்பான்னு அவங்களுக்குத் தோணிடுச்சு. எனக்கும் தோணிச்சு. ரெண்டு பேரும் புடவையக் கம்பியிலேருந்து எடுத்துட்டுப் பேசாமப் போயிட்டோம். இங்கயாவது அவன் சத்தமா இருக்கான்.

— மேடம், மன்னிக்கணும்.

— என்ன நட்டு?

— டாக்டர் லைன்லயே இருக்கார். வைக்க மாட்டேங்கறார். எலும்புத் துண்ட எடுத்துக்கிட்டுப் போக வண்டி அனுப்பட்டுமா, வேண்டாமான்னு ஒரு வார்த்தை கேக்கறார்.

— இன்னும் தயாராகலன்னு சொல்லுங்க.

— மேடம்.

— சொல்லுங்க நட்டு. போங்க.

— சொன்னாக் கேளுங்க மேடம். எனக்கு வாய் வரல. தங்கச்சி ஊன்றுகோல் இந்தத் தரையில டக்கு டக்குனு வர்றதக் கேட்டதுலேருந்து எனக்கு வாய் வரல. அந்தத் துண்டு ரெடியாகி ரொம்ப நாளாச்சு.

— நட்டு!

— திட்டிக்கோங்க. ஸ்கேன் எடுத்து நீங்களே பாத்தீங்க, நானும் பாத்தேன். வெளிப்பக்கம் உப்பு படிஞ்சு துளை அடைய ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கு எடுத்தா உண்டு.

— அடைஞ்சா என்ன ஆகும், நட்டு சார்? அண்ணியப் பாக்காதீங்க, என்கிட்ட சொல்லுங்க.

— உள்ள இருக்கறதுக்குச் சாப்பாடு போகாது. வெளியில பாத்தா கல்லு மாதிரி ஜோரா இருக்கும், உள்ள அத்தனையும் செத்துக் கிடக்கும். அதக் கால்ல வெச்சு ஒரு புண்ணியமும் இல்ல. மறுபடி இடுப்புல ஊசி, மறுபடி சாரம், மறுபடி ஆரம்பத்துலேருந்து. டாக்டர் அதுவரைக்கும் கால் தாங்குமான்னு யோசிக்கறார். கூண்டுக் கம்பி போற எடத்துல சீழ் வெச்சிருக்குன்னு சொன்னாராம்.

— அண்ணி, நெஜமா?

— நெஜம்.

— எனக்குக் கால் போனா?

— போகாது. நான் விடமாட்டேன். இன்னைக்கு எடுத்துடலாம்னுதான் தினமும் வரேன். கையுறை மாட்டிக்குவேன். தட்டு, இடுக்கி, எல்லாம் எடுத்து வெச்சுக்குவேன். கை குழாய்கிட்ட போகும்போது அது கதவுகிட்ட வந்து நின்னுடும். நிக்கும்போது எப்படி அணைக்கறது? சரி, கெளம்பட்டும்னு இருப்பேன். கெளம்பினா... நடக்கறவர எப்படி நிறுத்தறது?

— பதிவு இருக்கில்ல? கம்ப்யூட்டர்ல வெச்சுக்கிட்டுக் கேளுங்களேன் ஆசை தீர!

— அதாவது, அது சத்தத்தோட பதிவு இல்ல வாலு. வெறும் எண். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், அவ்வளவுதான். அழுத்தறதுக்கு எதிர்ல ஒண்ணு இருந்தாத்தான் அது நடை. காத்துல யார் நடக்க முடியும்? இது முடிஞ்சதும் வேற நடையப் போடச் சொல்லிட்டார் டைரக்டர். சமமான நடை. நட்டு ஒரு நாள், ரப்பர் வாஷர் ஒண்ணு போட்டா இந்தச் சத்தமே இருக்காது மேடம்னு கொண்டு வந்தார். அவர் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், கேளு.

— அத ஏன் மேடம் இப்ப.

— நான் கூண்டோட தூங்கறேன் அண்ணி. புரண்டு படுத்தா உயிர் போகுது. லாரி வந்தப்ப அவன் கூட நானும்தான் இருந்தேன். அவன் போயிட்டான், நான் இருக்கேன். இருக்கறவளோட காலப் பணயம் வெச்சு, போனவன நடக்க விட்டிருக்கீங்க.

— தப்புதான். ஆனா நீ கேட்டியே அந்தச் சத்தத்த. உனக்கே மனசு வருமா? அவர் இங்க வந்து நிக்கறார் வாலு. இன்னமும். எனக்காக நிக்கறார்.

— உங்களுக்காக நிக்கல அவன்!

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல.

— சொல்லு.

— விடுங்க அண்ணி. கோவத்துல வந்துடுச்சு.

— கோவத்துல வர்றது பொய்யா இருக்காது. எனக்காக நிக்காம வேற எதுக்கு நிக்கணும் இங்க?

— சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

— யாருக்கு?

— அவனுக்குத்தான். வேற யாருக்கு.

— சத்தியம் வாங்கினவர் இல்ல இப்ப. சொல்லு.

— இந்தக் கதவு நிலையப் பாருங்க. இங்க, இடுப்பு உயரத்துல. பெயிண்ட் தேஞ்சு மரம் தெரியுது பாத்தீங்களா? ஒய்யாரமா சாயறவன் தோளாலதான் சாய்வான். இது கை பட்ட எடம். அழுத்திப் பிடிச்சிருக்கான். தினமும் பிடிச்சிருக்கான்.

— எதுக்கு?

— கணுக்கால். சின்ன வயசுல மதில்லேருந்து குதிச்சு ஒடைச்சுக்கிட்டானே, அதே கணுக்கால். உள்ள வெச்ச கம்பி தளர்ந்து எலும்ப அறுக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த லாரிக்கு ரொம்ப முன்னாடி, நான்தான் கூடப் போனேன். திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து ரெண்டு பேரும் டீ குடிச்சோம். ஆபரேஷன் பண்ணிக்கோடான்னு கெஞ்சினேன். இந்த வேலை முடியட்டும்னான். இந்தக் காரிடார என்னால ஒரே மூச்சுல கடக்க முடியறதில்ல, பாதியில எங்கயாவது பிடிச்சுக்கிட்டு காலத் தூக்கி நின்னாத்தான் மீதி தூரம் போக முடியுதுன்னான்.

— பாதியில.

— பாதியில உங்க கதவு இருக்கு, அண்ணி.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— நானும் அதத்தான் கேட்டேன். சிரிச்சான். அவகிட்ட சொன்னா அவ்வளவுதான், உடனே நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்கன்னு சொல்லிடுவா, அவ உக்காருன்னு சொன்னா நான் உக்காந்துடுவேன், அப்புறம் சாரத்த யாரு வார்க்கறதுன்னான்.

— இடது கால்ல எடையே இல்ல.

— ம்.

— மடக்கிக்கிட்டு நிக்கல. தூக்கிப் பிடிச்சிருக்கார்.

— ஆமா.

— ஒவ்வொரு தடவையும்.

— அண்ணி, உக்காருங்க.

— நான் கதவுக்கு உள்பக்கம் சிரிச்சுக்கிட்டிருந்தேன் வாலு. எழுந்து வந்து ஒரு தடவை கதவத் திறந்திருந்தா முகத்தப் பாத்திருப்பேன். திறந்தா விளையாட்டு கலைஞ்சிடுமேன்னு திறக்கல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க யாருக்குமே தெரியாம மறைச்சவன் அவன்.

— மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? எதிர்ல இருக்கற ஸ்டோர் கதவும் பாதியிலதான் இருக்கு. அதுல நல்ல இரும்புக் கைப்பிடி. பிடிக்கறதுக்குத் தோதா இருக்கும். அத விட்டுட்டு இதப் பிடிச்சிருக்கார் மேஸ்திரி.

— ஆறுதல் சொல்லாதீங்க நட்டு.

— ஆறுதல் இல்ல மேடம். கண்ணால பாக்கறதச் சொன்னேன்.

— உன் துண்ட உள்ள வெச்சதுலேருந்து இந்த மெஷின நான் ஒரு தடவை கூட அணைக்கல. ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவீங்க. விளக்கெல்லாம் அணைஞ்சிடும். அவர் மட்டும் நடந்துக்கிட்டே இருப்பார். அத நெனச்சுக்கிட்டுத்தான் நான் தூங்கினேன், தெரியுமா? நடக்கறார்னு நெனச்சு நிம்மதியாத் தூங்கினேன்.

— அண்ணி, அது மெஷின். அதுக்கு வலிக்காது. நீங்கதானே சொன்னீங்க, வெறும் எண்ணுன்னு.

— ஆமா. எண்தான். எந்த வலியில பதிவான எண்ணோ, அதே எண். நட்டு, டாக்டர் இன்னும் லைன்ல இருக்காரா?

— இருக்கார் மேடம். இருமறது கூடக் கேக்குது.

— வண்டி அனுப்பச் சொல்லுங்க. துண்டு வைக்கற பெட்டியக் கொண்டு வாங்க, உள் சூட்டப் பாத்துக்கோங்க. வாலு, நீ இங்கயே உக்காரு.

— மாட்டேன். நானும் வரேன். என் கால் அது.

— சரி, வா. தொப்பியப் போடு. முகமூடிய மேல இழுத்து விடு. ஊன்றுகோல வெச்சுட்டு என் தோளப் பிடிச்சுக்கோ. பாரத்த என் மேல போடு, பரவாயில்ல. நல்லாப் போடு.

— இது போதுமா?

— போதும். நட்டு, கதவ முழுசாத் திறங்க.

— பெட்டி ரெடி மேடம். தட்டு, இடுக்கி இங்க இருக்கு. சுவிட்ச நான் அணைச்சுடட்டுமா?

— இருங்க. நடக்கும்போது அணைக்கக்கூடாது. தண்டு அழுத்தினபடியே நின்னுட்டா துண்டு நொறுங்கிடும். வந்து நிக்கட்டும்.

— ஊணி... இழுத்து. ஊணி... இழுத்து. அண்ணி, இப்பக் கேட்டா தெரியுது. இழுத்து விழறப்ப ஒரு தயக்கம் இருக்கு.

— தெரியுது வாலு. எப்பவுமே இருந்துச்சு. நான்தான் கேக்கல.

— நின்னுடுச்சு.

— ம்.

— மேடம், இப்ப அணைச்சுடட்டுமா? மறுபடி கெளம்பிடும்.

— வேண்டாம் நட்டு. நீங்க தள்ளிக்கோங்க. நான் சொல்லிட்டு அணைக்கறேன்.

— யார்கிட்ட மேடம்?

— என்னங்க. வலிச்சா என்கிட்ட சொல்லக்கூடாதா? நடந்தது போதும். வாங்க, இப்படி உக்காருங்க.